தஞ்சோங் பகாரில் ஓர் உருமால்

தஞ்சோங் பகார் துறைமுக வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் முகங்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் தலைகள்தான் படும். கட்டம் போட்ட துண்டைச் சுற்றி முடிச்சைக் காதுக்குப் பின்னால் செருகிய தமிழர்கள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சீக்கியக் காவலாளியின் நீலத் தலைப்பாகை, எதிர்ச்சாரியில் கட்டட வேலைக்குப் போகும் சீனப் பெண்கள் விறைப்பாக மடித்து வைத்திருக்கும் சிவப்புத் துணி. ஏழேகாலுக்கு வெள்ளைக்காரத் துரை காரில் வந்து இறங்குவார். இறங்கியதும் தன் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுவிட்டு நடப்பார். எதிரே கும்பல் கும்பலாக ஆட்கள் நிற்பார்கள். சிலர் சலாம் வைப்பார்கள், சிலர் தலையை ஆட்டுவார்கள், சிலர் பீடியை மறைப்பார்கள். ஆனால் ஒருவர் கைகூடத் தலைத்துண்டுக்குப் போகாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முழுவதும், தினமும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். யாராவது அவிழ்ப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். யாரும் அவிழ்க்கவில்லை. மரியாதை தெரியாத ஊர் என்று முடிவுகட்டி அப்பாவுக்குக் கடிதமும் எழுதினேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஊர்ப்பெயர் வேண்டாம், இதைப் படிப்பவர்களில் யாராவது அங்கே உறவாக இருந்து தொலைப்பார்கள். எங்களுக்கு நிலம் உண்டு, ஊரில் அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள்தான் எங்கள் வயலில் வேலை செய்தார்கள். அவர்கள் எங்கள் தெருவுக்கு வரும்போது, தெருமுனையில் உள்ள மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவதற்குள் தலையில் இருக்கும் துண்டு இறங்கிவிடும். இடுப்பைச் சுற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் கக்கத்துக்குள் போய்விடும். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்ததால் நான் அதை ஒரு விஷயமாகவே பார்த்ததில்லை. ஓர் ஐப்பசி மாதம், மடை உடைந்துவிட்டது என்று சொல்ல மாரிமுத்து என்கிறவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நல்ல மழை. அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்வரை மாரிமுத்து வாசலில் மழையில் நின்றார். கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த துண்டு ஒன்றுதான் அவர் மேல் நனையாமல் இருந்தது. வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்த என்னை அம்மா, "உள்ள வாடா, சளி புடிச்சுக்கும்" என்று கூப்பிட்டாள். நானும் உள்ளே போனேன்.

இங்கே எனக்குக் கிராணி வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளும் எழுத்தர்தான், பெரிய பதவி ஒன்றுமில்லை. ஆனால் தேக்காவில் வாடகைக்குப் பிடித்த அறையில், கண்ணாடி முன்னால் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்துக்கொண்டு கிளம்பும்போது கவர்னர் மாளிகைக்குப் போகிற மாதிரி ஒரு நினைப்பு. இரண்டாவது மாதம், அரிசி ஏற்றி வந்த ஒரு கப்பலில் மேல்தளத்துக்கு ஏறிப் போய் எண்ணச் சொன்னார்கள். அங்கேதான் வீரையனைப் பார்த்தேன், அந்த மாரிமுத்துவின் மூத்த மகன்.

அவர் செய்துகொண்டிருந்த வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். மூட்டைகளைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுபவனுக்குக் கப்பல் கிடங்கின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிடங்கு வாயில் ஒருவர் நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்ல வேண்டும். கீழே பத்துப் பேர் நிற்பார்கள், மேலே இருபது மூட்டை தொங்கும். கை ஒரு நொடி பிசகினால் ஆள் போய்விடும். வெயில் கண்ணில் அடிக்கும் நேரத்தில் கறுப்புக் கப்பல் பக்கத்தில் கறுத்த கை தெரிவதில்லை என்று வீரையன் தானாக ஒரு முறை வைத்திருந்தார். நிறுத்த வேண்டும் என்றால் தலையில் கட்டிய வெள்ளைத் துண்டைச் சட்டென்று உருவி எடுப்பார். துண்டு தலையை விட்டு இறங்கிய நொடியே வின்ச் நின்றாக வேண்டும். வின்ச் ஓட்டிய ஆ லெங் என்ற சீனருக்கு அது கண்ணோடு கலந்த பழக்கம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி மேலே தலையை நீட்டினேன். வீரையன் திரும்பினார். "சின்னய்யா!" என்றார். கை தலைக்குப் போயிற்று, துண்டு இறங்கிற்று, இடுப்புப் பக்கம் போயிற்று. பின்னாலே இருபது மூட்டை அரிசி அந்தரத்தில் படாரென்று நின்று ஊசலாடியது. அடியில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். கீழேயிருந்து துரையின் விசில் கேட்டது. "ஆப்பா மாச்சாம்? ஆப்பா மாச்சாம்?" என்று, என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டு, ஆ லெங் வின்ச்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஓடி வந்தார்.

"ஏன்யா நிறுத்தின? கீழ யாரும் மாட்டிக்கிட்டாங்களா?"

வீரையன் தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கண்ணுல தூசி விழுந்துடுச்சு மண்டோர்" என்றார். பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மூட்டைகள் நிற்பதற்கு முந்தைய அந்த அரை நொடியில் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக ஒருவர் நான் யார் என்று கண்டுகொண்டார். ஒரு மாதமாகத் துறைமுக வாசலில் நான் காத்திருந்தது துரைக்காக அல்ல, எனக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாயங்காலம் தேநீர்க் கடையில் அவரே வந்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். நான் உட்கார்ந்தபடியே, "என்ன வீரையா, நீ இங்கதான் இருக்கியா?" என்றேன். ஊரில் அப்படித்தான் பேசிப் பழக்கம்.

"சின்னய்யா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இங்க நான் துண்ட அவுத்தா வின்ச் நின்னுடும். கீழ ஆளுங்க நிக்கிறாங்க. இனிமே உங்களப் பாத்தாலும் அவுக்க மாட்டேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"அதனால என்ன" என்றேன், பெரிய மனது பண்ணுகிறவனைப் போல.

"சின்னய்யான்னும் கூப்புடல. கிராணின்னே கூப்புடுறேன். எல்லாரும் அப்படித்தான் கூப்புடுறாங்க."

அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. மூன்றாம் நாள் அவர் வேலை செய்வதை நின்று பார்த்தேன். கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. அந்த மனிதரின் வேலை அப்படி. முப்பதடி ஆழத்தில் நிற்கிற ஆட்களின் உயிரை ஒரு முழத் துண்டில் வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் எட்டு மணி நேரம் நிற்பார். அவர் நிற்கிற கப்பல் என்றால் கிடங்குக்குள் இறங்குகிறவர்கள் பயமில்லாமல் இறங்குவார்கள். மண்டோரே அவரிடம் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் துண்டு என்பதை நான் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரே துண்டு. மூட்டை தூக்கும்போது அதையே சுருட்டித் தலைக்குச் சும்மாடு வைப்பார்கள். சிமெண்டு இறக்கும் நாளில் மூக்கையும் வாயையும் சுற்றிக் கண் மட்டும் தெரியக் கட்டுவார்கள். கொதிக்கிற தேநீர்க் குவளையைப் பிடிக்க அது, கையில் கொக்கி கிழித்தால் கட்டுப்போட அது, மத்தியானம் கிடங்கு நிழலில் பத்து நிமிஷம் படுத்தால் தலைக்கு வைக்க அது. வேலைநிறுத்தம் என்று வந்தால் எல்லாரும் அதை நெற்றியோடு இறுக்கி ஒரே மாதிரி கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று அப்போது யாருக்கும் தெரியாது. எண்ணெய் வைத்து வகிடெடுத்த என் தலை அந்தக் கூட்டத்தின் நடுவே மொட்டையாக நிற்பதுபோல எனக்கே தோன்றும்.

இப்படி மூன்று வருஷம் போனது. வீரையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து வருகிற கடிதங்களை என்னிடம் கொண்டுவருவார், நான் படித்துச் சொல்வேன். ஒரு நாள் மத்தியானம் கொண்டுவந்த கடிதத்தைப் பிரித்து முதல் வரியை மனதுக்குள் படித்தேன். மாரிமுத்து இறந்துபோயிருந்தார். கடிதம் வந்து சேர்வதற்குள் பதினொரு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் கருமாதி என்றும், மூத்தவன் வர முடியாததால் இளையவனுக்கு உருமால் கட்டுவதென்று பேசியிருப்பதாகவும் எழுதியிருந்தது.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் சொல்கிறேன். தகப்பன் இறந்து கருமாதி முடிகிற அன்று, மகனின் மனைவி வீட்டார், அதாவது மாமனாரோ மச்சானோ, புதுத் துணி எடுத்து வந்து அவன் தலையில் கட்டுவார்கள். அதுதான் உருமால். அதுவரை அவன் மகன். கட்டிய பிறகு அவன் ஒரு குடும்பத்துக்குத் தலை. ஊரில் குடும்பங்களை எண்ணுவதே தலைக்கட்டு என்றுதானே. அதைத் தனக்குத் தானே கட்டிக்கொள்ள முடியாது, பங்காளி கட்டக் கூடாது. பெண் கொடுத்த முறையில் உள்ள ஒருவர் கட்ட வேண்டும்.

வீரையன் கயிறு கட்டும் இரும்புத் தூண்மேல் உட்கார்ந்தார். அழவில்லை. பிறகு, "அங்க தம்பிக்குக் கட்டட்டும் கிராணி, நான் தடுக்கல. அதே நாளு இங்கயும் எனக்குக் கட்டணும்" என்றார்.

"ரெண்டு எடத்துல கட்டுற வழக்கம் உண்டா?"

"இல்ல. ஆனா நான்தான மூத்தவன். எங்கப்பன் ஒரு நா கூடத் தலையில கட்டுன துண்டோட உங்க தெருவுல நடந்ததில்ல. அவரு பேருல கட்டுற உருமா. அத வேணாம்னு நான் எப்படி விடுறது?"

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். மழையில் நின்ற மாரிமுத்து எனக்கு நினைவுக்கு வந்தார்.

ஏற்பாடுகள் வேகமாக நடந்தன. துறைமுகத்தில் வீரையனுக்கு இரண்டு பங்காளிகள் இருந்தார்கள், அவர்கள் கட்ட முடியாது. நகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்த பெருமாள் என்பவர், வேறு ஜில்லாக்காரர், மச்சான் முறையில் நின்று கட்டுவதாக ஒப்புக்கொண்டார். துணி எடுக்க வீரையனும் நானும் சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். நாகூர்ப் பக்கத்து ராவுத்தர் ஒருவர் அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார்.

"என்ன விசேஷம்?" என்றார் ராவுத்தர்.

"உருமா" என்றார் வீரையன்.

ராவுத்தர் எடுத்துப்போட்ட துண்டுகளை அப்படியே சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் வேறு கட்டு எடுத்து வந்தார். "உருமாவுக்கு இது ஆவாது லா. கஞ்சி போடாத துணி வேணும், கட்டுனா நிக்கணும். வாப்பா மவுத்தா? ஊர்லயா?" என்று கேட்டவர், துணியை முழம் போட்டபடியே பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு நிக்காஹ்ல கட்டுனதோட சரி. ஜப்பான்காரன் காலத்துல நெத்தியில வெள்ளத் துணியக் கட்டிக்கிட்டு எவனாச்சும் ரோட்டுல வந்தா கடையச் சாத்திடுவோம். அதே வெள்ளத் துணிதான், பாருங்க. கட்டுறவன் மனசுலதான் இருக்கு எல்லாம்." மடித்த துணியை இரண்டு கையாலும் ஏந்தி வீரையனிடம் கொடுத்தார். கடைக்காரர் கொடுக்கிற மாதிரி இல்லை, வீட்டுப் பெரியவர் கொடுக்கிற மாதிரி இருந்தது.

கருமாதி அன்று வேலை நாள். மற்ற ஆட்களால் வர முடியவில்லை. எனக்கு மட்டும் அன்று மாலை முறை. காத்தோங் கடற்கரையில் வீரையன், அவருடைய இரண்டு பங்காளிகள், சடங்கு செய்ய வந்த பண்டாரம், நான். மொட்டையடித்து முழுகி, பிண்டம் வைத்துக் கடலில் கரைத்து எல்லாம் முடிந்தது. பெருமாளைக் காணவில்லை. கடைசியில் சைக்கிளில் ஒருவர் வந்து, எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதால் பெருமாளை வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தாம்பாளத்தில் நுனியில் மட்டும் மஞ்சள் தடவிய வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஊரில் இதே நாளில் தம்பிக்குக் கட்டிவிடுவார்கள். இங்கே கட்டாமல் போனால் வீரையனுக்கு இனி ஒருநாளும் கிடையாது.

"பங்காளி இல்லாதவங்க வேற யாரு இருக்கீங்க?" என்றார் பண்டாரம்.

நான் ஒருவன்தான் இருந்தேன். பங்காளிகள் இரண்டு பேரும் மணலைப் பார்த்தார்கள். வீரையன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு உள்ளே என்னென்னமோ ஓடியது. ஊரில் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகம் கண்முன்னால் நின்றது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு நான் மச்சானாக நின்று உருமால் கட்டினேன் என்று தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பயந்தேன். அதைப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பரவால்ல சாமி" என்றார் வீரையன். "குடுங்க, நானே கட்டிக்கிறேன்."

கிடங்கு வாயில் அத்தனை பேர் உயிரைக் காப்பாற்றுகிற மனிதர், தன் தகப்பன் உருமாலைத் தானே கட்டிக்கொள்ளக் கையை நீட்டினார். எனக்குத் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனேன்.

"நீங்க என்ன முறை?" என்று கேட்டார் பண்டாரம். சடங்கில் அதைக் கேட்டாக வேண்டும்.

"மச்சான் முறை" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

துணியை எடுத்து உதறினேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எனக்குத் தலைக்கட்டுக் கட்டத் தெரியாது. வாழ்நாளில் யாருக்கும் கட்டியதில்லை, எனக்கும் கட்டியதில்லை. வெயிலில் வேலை செய்யாத தலைக்கு அது எதற்கு? ஒரு சுற்றுச் சுற்றினேன், மொட்டைத் தலையில் வழுக்கிக் கண்ணை மூடியது. அவிழ்த்து மறுபடி சுற்றினேன், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பங்காளிகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீரையன் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே, சன்னமான குரலில், "எடது கைப்பக்கம் இழுத்துப் புடிங்க. இன்னும் நல்லா. இப்பச் சுத்துங்க. நுனிய உள்ள விடுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னபடி சொன்னபடி கட்டினேன். கட்டி முடித்ததும் அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். நின்றது. அதுவரை அழாத மனிதர் அப்போதுதான் அழுதார்.

உருமாலை மூன்று நாள் அவிழ்ப்பதில்லை என்று மறுநாள் அதோடே வேலைக்கு வந்தார். ஆ லெங் பார்த்ததும் வின்ச்சை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சீனர்கள் வீட்டில் தகப்பன் இறந்தால் மகன் தலையில் வெள்ளைத் துணி கட்டுவது வழக்கம். "லு புன்யா பாப்பா மாத்தி கா?" என்று, உன் தகப்பன் இறந்துவிட்டாரா என்று கேட்டுத் தலை குனிந்து நின்றார். ஆமாம், ஆனால் துக்கம் நேற்றோடு முடிந்தது, இது அதற்கான துணி என்று வீரையன் தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். ஆ லெங்குக்குப் புரியவே இல்லை. எங்களில் துக்கம் ஆரம்பிக்கும்போது கட்டுவோம், நீங்கள் முடிந்த பிறகா கட்டுவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், எப்படியிருந்தாலும் துக்கம்தானே என்று முடிவுகட்டி, அந்த மூன்று நாளும் அவரைத் துண்டை உருவ விடவில்லை. உன் கையே போதும், நான் கண்ணைக் கூர்மையாக வைத்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினார். மூன்று நாளும் ஒரு மூட்டைகூடத் தவறவில்லை.

வீரையன் சொல்லச் சொல்ல ஊருக்குக் கடிதம் எழுதினேன். இன்ன நாள், இன்ன கடற்கரையில் உருமால் கட்டியாயிற்று என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். யார் கட்டியது என்று எழுத வேண்டும்.

"பெருமாள் பேரப் போட்டுடுங்க கிராணி" என்றார். "அந்தக் கடுதாசிய ஊர்ல சத்தமாப் படிப்பாங்க. உங்களுக்கு ஆவாது."

அவர் எனக்காகத்தான் சொன்னார். பெருமாள் என்று எழுதியிருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, எனக்கு லாபம்தான். ஆனால் அவர் தலையில் இருந்தது நான் கட்டியது. என் பெயரை, என் தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதி, படித்தும் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

பதில்கள் இரண்டு வந்தன. அவருடைய வீட்டிலிருந்து வந்ததில், தம்பிக்கும் கட்டியாயிற்று, இருக்கட்டும், இரண்டு பேரும் நன்றாக இருங்கள் என்று இருந்தது. ஒரு தகப்பனுக்கு இரண்டு தலைக்கட்டு, நடுவில் கடல். என் அப்பாவிடமிருந்து வந்ததில் மூன்றே வரி. தங்கைக்கு நிச்சயமாகிவிட்டது, கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம், அதற்குப் பிறகும் வர வேண்டாம். வீரையனிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்டாச்சா கிராணி?" என்று கேட்காமல் போகமாட்டார்.

நான் ஊருக்குப் போகாமலே வருஷங்கள் ஓடின. இங்கே கொடி மாறியது, துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள், குடியுரிமைக்குப் பெயர் பதிந்துகொண்டோம். அறுபதுகள் பிறந்த பிறகு வீரையன் விடுப்பு எடுத்து ஊருக்குக் கிளம்பினார். நாகப்பட்டினம் போகிற கப்பல். வழியனுப்பப் போனேன். இதற்குள் நான் அவரை 'நீங்க' என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அம்மாவுக்கு ஒரு சேலையும், பார்த்தே இராத தங்கை பிள்ளைக்கு ஒரு சட்டையும் பொட்டலமாகக் கொடுத்தேன்.

"எப்படியாவது எங்கம்மா கையில சேத்துடுங்க."

"நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அவர் தலையில் புதுத் துண்டு, நேர்த்தியான கட்டு. எங்கள் தெருவில் அதோடு போனால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பதறியது. அவிழ்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. "அதெல்லாம் நான் பாத்துக்குறேன் கிராணி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு ஏறிப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அம்மா சொல்ல, தங்கை எழுதியிருந்தாள். அப்பாவின் பதிலுக்குப் பிறகு வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம். தேக்கா அறையின் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். அதை அப்படியே கீழே தருகிறேன்.

"உன் அப்பா வயலுக்குப் போயிருந்த சமயம் ஒருவர் வந்தார். தலையில் கட்டோடு நடுத்தெருவில் நடந்து வந்தாராம், எல்லார் வீட்டிலும் எழுந்து நின்று பார்த்தார்கள். மாரிமுத்து மகன் என்று எனக்கு முகம் தெரிந்தது. இருந்தாலும், யாரு என்று கேட்டேன். உங்க மகனுக்கு மச்சான் முறை என்று சொல்லி, நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தார். வெயிலில் வந்தவர் ஆயிற்றே என்று உள்ளே கூப்பிட்டேன். வந்தார். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உன் நாற்காலி அப்படியேதான் கிடக்கிறது, அதில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்."